நந்தனத்துக்காரர் சொன்னால் போதாதா?

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் நந்தனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். ராஜாஜி முதல்வராக இருந்தபோது, நடப்புத் தமிழ் ஆண்டின் பெயரை இந்த இடத்துக்கு வைத்தார் என்பதும் அதில் உண்டு. யாரோ 'சான்று தேவை' என்று குறி போட்டுவிட்டார். பல வருடமாக இங்கேயே குடியிருக்கிறேன், நான் சொன்னால் போதாதா? பக்கத்தை எப்படிச் சீராக்குவது? பத்தியை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், நந்தனம்

பதில்: போதாது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற இடத்தில், எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு தகவலுக்கும் நூல், நாளிதழ் போன்ற வெளிச்சான்று கேட்கிறார்கள். வரியை நீக்காமல் குறி மட்டும் போட்டவர் உங்களுக்கு அவகாசம் தந்திருக்கிறார்.

ராஜாஜி 1952 ஏப்ரலில் முதல்வரானார். நந்தன ஆண்டு பிறந்ததும் அதே மாதம்தான். இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் பொருத்தத்தைப் பார்த்து நாமே முடிவுகட்டினால் அது சொந்த ஆய்வு, கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. பெயர் அப்படித்தான் வந்தது என்று எழுதியிருக்கும் நூல் வேண்டும். எஸ். முத்தையாவின் சென்னை வரலாற்று நூல்களிலிருந்து தேடத் தொடங்குங்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே இல்லையென்றால் எழும்பூர் கன்னிமாரா. கிடைத்ததும் நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு மட்டுமல்ல, பக்க எண்ணையும் கொடுங்கள். பக்க எண் இல்லாத மேற்கோளைச் சரிபார்க்க ஒருவர் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டும்.

அடுத்து நடை. 'மூதறிஞர் ராஜாஜி அவர்கள் அன்போடு பெயர் சூட்டிய, எழில் கொஞ்சும் பகுதி' என்று தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் பாசம் புரிகிறது. ஆனாலும் 'நந்தனம், சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய பகுதி' என்று தொடங்குங்கள், அதுதான் வெளியூர்க்காரருக்கு முதலில் வேண்டியது. சான்று கிடைத்தபின் பெயர்க் கதைக்குத் தனித் தலைப்பு கொடுங்கள்.

வைஎம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரியை 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய கதையை இங்கே விரிக்க வேண்டாம். ஒரு வரி எழுதி, கல்லூரிக்கான பக்கத்துக்கு உள்ளிணைப்பு கொடுத்தால் போதும். 'சமீபத்தில் மெட்ரோ வந்தது' என்பதை '2018 மே 25 அன்று மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது' என்று மாற்றுங்கள். 'சமீபத்தில்' அடுத்த வருடமே பழசாகிவிடும். தகவல்சட்டம், பகுப்பு, நீங்களே எடுத்த படம் எல்லாம் பிறகு சேர்க்கலாம். சான்று கிடைக்கும்வரை பெயர்க் கதையைக் கட்டுரையிலிருந்து எடுத்துப் பேச்சுப் பக்கத்தில் வையுங்கள். நூலைக் கையில் வைத்திருக்கும் வேறொருவர் கண்ணில் அது படலாம்.