தூசித் திரைக்குள் வளரும் பெருவிண்மீன்கள்

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன்கள் பெருவிண்மீன்கள் எனப்படுகின்றன. இவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆயினும் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இத்தகைய விண்மீன்களுக்குள் உருவாகி, அவை வெடித்தபோது விண்வெளியில் கலந்ததாகும். எனவே இவற்றின் பிறப்பை அறிவது இன்றியமையாதது.

வளர்ச்சியின் புதிர்

முகிலின் பொருள் வந்து விழுந்துகொண்டிருக்கும்போதே பெருவிண்மீனின் மையத்தில் அணுக்கருப் பிணைவு தொடங்கிவிடுகிறது. அதன் கடும் ஒளியின் அழுத்தம், விழும் பொருளை வெளியே தள்ள முற்படுகிறது. அவ்வாறாயின் விண்மீன் மேலும் வளர்வது எவ்வாறு? சூழ்ந்துள்ள தூசி கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மறைத்துவிடுகிறது. நீண்ட அலைநீளமுடைய அகச்சிவப்புக் கதிர்களோ தூசியை ஊடுருவி வருகின்றன. சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் முகிலில், இத்தகைய மறைந்த பொருள் ஒன்றைக் கண்டதாக பெக்ளின், நியூகேபவர் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1967-இல் அறிவித்தனர்.

நிறமாலை தரும் சான்று

அகச்சிவப்புக் கதிர்களை நிறமாலையாகப் பிரித்தால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அலைநீளத்தில் அடையாளம் காட்டுகிறது. 3.1 மைக்ரானில் காணும் உறிஞ்சல் பட்டை, தூசித்துகள்கள் மீது படிந்த பனிக்கட்டியையும், 9.7 மைக்ரானில் காண்பது சிலிக்கேட்டையும் உணர்த்துகின்றன. 2.17 மைக்ரானில் ஒளிரும் கோடு, அயனியான ஹைட்ரஜனுக்குரியது. 2.3 மைக்ரானில் கார்பன் மோனாக்சைடு உமிழும் பட்டைகளே மிக முக்கியமானவை. பல இளம் பெருவிண்மீன்களில் இவற்றின் வடிவம், அடர்ந்த வெப்ப வாயு விண்மீனைச் சுற்றித் தட்டாகச் சுழல்வதைக் காட்டுகிறது. ஒளி தட்டின் மேலும் கீழும் வெளியேற, தட்டின் வழியே பொருள் உட்செல்லலாம். புதிருக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது.

இந்தியாவில்

வளிமண்டல நீராவி அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிவிடும். ஆதலின் உயரமும் வறட்சியும் வாய்ந்த இடமே இவ்வாய்வுக்கு ஏற்றது. லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. 2013-இல் அதனுடன் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய அகச்சிவப்பு நிறமாலைமானி இணைக்கப்பட்டது. 1 முதல் 2.5 மைக்ரான் வரை அளக்கும் இக்கருவியின் எல்லைக்குள், மேற்கண்ட ஹைட்ரஜன் கோடும் கார்பன் மோனாக்சைடுப் பட்டைகளும் அடங்குகின்றன. அதைவிட நீண்ட அலைநீளங்களுக்கு, இதே கழகம் ஐதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றிய 100 சென்டிமீட்டர் தொலைநோக்கி துணைநின்றது. பெருவிண்மீனின் பிறப்பைக் காண வானத்தை நோக்கினால் மட்டும் போதாது. தக்க இடத்தையும் தக்க அலைநீளத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும்.