எட்டைவிட ஏழு கொடியதா?

கேள்வி: ரிக்டர் எண் பெரிதாக இருந்தும் சில நிலநடுக்கங்களில் யாருமே சாவதில்லை. சிறிய எண்ணில் ஊரே தரைமட்டமாகிறது. எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எண்ணோடு ஆழத்தையும் கேளுங்கள் சார்! 2013 மே மாதம் ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3 அளவில் ஒரு நடுக்கம். மாஸ்கோ வரை உணர்ந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. காரணம், அது பிறந்தது சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்தில். மேலே வந்து சேர்வதற்குள் அலைகள் பரவி, வலுவிழந்துவிட்டன.

2023 பிப்ரவரி 6, துருக்கி. அளவு 7.8. வெளியான ஆற்றல் ஒகோட்ஸ்கில் வெளியானதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஆழம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. கிழக்கு அனத்தோலியப் பிளவு என்னும் நிலத்தடி முறிவுக் கோடு 300 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது. வயல், சாலை, ரயில் தண்டவாளம் எல்லாம் சில மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டன. விடியாத வேளை, எல்லோரும் தூக்கத்தில். சுமார் ஒன்பது மணி நேரத்தில் மீண்டும் 7.5! முதல் அடியில் விரிசல் விட்டு நின்ற கட்டடங்களும் விழுந்தன. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பழியை முழுக்கப் பூமி மேல் போடவும் முடியாது. விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு 2018-இல் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு வழங்கியது அந்நாட்டு அரசு.