டவர் வாடகையில் பங்கு: போடலாமா, கூடாதா?

 

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்த பின், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு சகோதரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். பதினோரு வருட உழைப்பின் சேமிப்பு கையில் இருக்கிறது. மகளின் நிக்காஹ்வுக்கு இன்னும் நாலு வருடம். "செல்போன் டவர்களை வைத்திருக்கும் டிரஸ்டில் பணம் போட்டால் வாடகை வருமாம். வட்டியே இல்லை, முழுக்க ஹலால் என்கிறார்கள். போடலாமா பாய்?" என்று கேட்டார். இதே கேள்வி பல வீடுகளில் இருப்பதால், இந்த மாதப் பாடமாக அதை எடுத்துக்கொள்கிறோம்.

டிரஸ்ட் எப்படி நடக்கிறது?

பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்ஃப் கடைகளை நினைத்துப் பாருங்கள். சொத்து ஒரு பொறுப்பாளர் கையில் இருக்கும். வாடகை உரியவர்களுக்குப் போகும். டவர் டிரஸ்டும் ஏறக்குறைய இப்படித்தான். வக்ஃபை விற்க முடியாது. டிரஸ்டின் 'யூனிட்' எனும் பங்கையோ விற்கலாம், வாங்கலாம். அதன் விலை ஏறும், இறங்கும்.

அமெரிக்காவில் அமெரிக்கன் டவர் நிறுவனம் 2012 முதல் 'ரெய்ட்' எனப்படும் நிலச் சொத்து டிரஸ்டாக நடக்கிறது. நம் நாட்டில் 'ரெய்ட்' அலுவலகக் கட்டடம், வணிக வளாகம் போன்றவற்றுக்கானது. டவர்கள் 'இன்விட்' எனும் உள்கட்டமைப்பு டிரஸ்டில் வருகின்றன. இரண்டுக்கும் செபி 2014-ல் விதிகள் வகுத்தது. பங்கிடத்தக்க வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்போருக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஜியோவின் டவர்கள் இப்படி ஒரு டிரஸ்டின் கீழ் வந்தன. 2020-ல் புரூக்ஃபீல்டும் அதன் கூட்டாளிகளும் அதில் 25,215 கோடி ரூபாய் போட்டார்கள். அப்போது சுமார் 1,35,000 டவர்கள். 2024-ல் அமெரிக்கன் டவரின் இந்தியத் தொழிலையும் அதே டிரஸ்ட் வாங்கியது. இன்று அதன் பெயர் ஆல்டியஸ். ஆனால் அதன் யூனிட்டுகள் பெரிய முதலீட்டாளர்களுக்கு மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டவை. பத்தாயிரம், ஐம்பதாயிரம் கொண்டு போய் வாங்கும் பொருள் அல்ல. ஆகவே "சின்னத் தொகைக்கு டவர் டிரஸ்ட் யூனிட் தருகிறோம்" என்று யாராவது வீட்டுக்கு வந்தால், அங்கேயே சந்தேகப்படுங்கள்.

வாடகை நிலையானதா?

நம்மில் பலர் ஏர்செல் சிம் வைத்திருந்தவர்கள். 2018 தொடக்கத்தில் அந்த நிறுவனம் திவாலாகி நின்றது. நமக்கு நம்பர் மாற்றும் அலைச்சல். டவர்காரர்களுக்கு ஒரு வாடகைதாரரே போய்விட்டார். இன்று நாட்டில் பெரிய வாடகைதாரர்கள் நாலே பேர். ஒருவர் தடுமாறினாலும் வாடகை குறையும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் மழையில் மரக்காணம் அளங்கள் மூழ்கியபோது, உப்பை மட்டுமே நம்பிய வீடுகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரே வருமானத்தை நம்பினால் எங்கும் அதே கதைதான்.

ஹலால் விஷயம்

டவரை வாடகைக்கு விடுவது இஜாரா, அதில் தடையில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, கடன். இன்விட் தன் சொத்து மதிப்பில் நிபந்தனைகளுடன் 70 சதவீதம் வரை கடன் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. ரெய்டுக்கு 49 சதவீதம். பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி எனும் ஷரீஅத் தர அமைப்போ, ஒரு நிறுவனத்தின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சட்டம் அனுமதித்தது எல்லாம் இந்தச் சல்லடையில் நிற்காது.

இரண்டாவது, கைக்கு வரும் பணம். இங்கே பல டிரஸ்டுகள் தங்கள் துணை நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்து, அதன் வட்டியையே நமக்குப் பிரித்துத் தருகின்றன. வாடகைதான் மூலம் என்றாலும், கணக்கில் 'வட்டி' என்றே வரும். தன் நிறுவனத்துக்குத் தானே கொடுத்த கடனை எப்படிப் பார்ப்பது என்பதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். இன்னொரு பகுதி 'மூலதனத் திருப்பம்' என்று வரும். அது லாபம் அல்ல, நம் காசே நம்மிடம் திரும்புவது.

மலேசியாவில் 2005-லேயே இஸ்லாமிய ரெய்டுக்குத் தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆகவே டிரஸ்ட் எனும் வடிவத்தையே தவறு என்று தள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

ஒன்று: செபி இணையதளத்தில் பதிவுபெற்ற டிரஸ்டுகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா? இரண்டு: யூனிட் உங்கள் சொந்த டிமேட் கணக்கில் வருமா, அல்லது துண்டுச் சீட்டுதானா? மூன்று: கடன் எவ்வளவு, போன வருடம் பிரித்துக் கொடுத்ததில் வட்டி எவ்வளவு? நான்கு: மாதம் இவ்வளவு நிச்சயம் என்கிறார்களா? வாடகைக்கு உத்தரவாதம் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 'ஹலால்' என்ற சொல்லைக் காட்டியே பணம் திரட்டி, 2019-ல் கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அதேபோல, "உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று ட்ராய் பெயரில் வரும் கடிதங்களும் பொய். டவருக்கு இடம் எடுப்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று ட்ராயே எச்சரித்திருக்கிறது.

அந்தச் சகோதரரிடம் இதே நாலு கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். ஏஜெண்டிடம் கேட்டார். டிமேட் என்றதும் பேச்சு மாறியது. மறுநாள் போன் எடுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பணம் பத்திரமாக இருக்கிறது. நிக்காஹ்வுக்கென ஒதுக்கியதை விலை ஏறி இறங்கும் எதிலும் போட வேண்டாம் என்றும் சொன்னோம்.

யூனிட் வாங்கியிருப்பவர்கள் ஜகாத் கணக்கை ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். விற்று லாபம் பார்க்க வாங்கியதற்கும், வாடகைக்காக வைத்திருப்பதற்கும் கணக்கு வேறுபடலாம். சந்தேகமுள்ள காகிதம் எதுவானாலும், கையெழுத்திடும் முன் நம் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.