தெரிந்த கதையும் தினசரி வழிபாடும்

தருமபுரிக் கோட்டையில் எழுந்தருளியுள்ள கல்யாண காமாட்சி அம்மன் சந்நிதியின் அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள் சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அம்மனை வலம் வரும் அன்பர் அக்கதையையும் படித்தவர் ஆகிறார். படித்தலும் வழிபடுதலும் அங்கே ஒன்றாகவே நிகழ்கின்றன.

இராமாயணத்தின் முடிவை அறியாத அடியார் அரியர். ஆயினும் அதனைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றனர். செய்தி அறியப் படிக்கும் நூலுக்கு ஒருமுறை போதும். அன்பினால் படிக்கும் நூலுக்கு ஆயுள் முழுதும் போதாது. நாள்தோறும் ஒரே திருநாமத்தைச் சொல்லி வேண்டுவதும் இத்தகையதே. சொல் பழையது, சொல்லும் உள்ளமோ நாளுக்கு நாள் வேறாகிறது. இளமையில் வில்லொடித்த இராமனை வியந்தவர், மக்களைப் பெற்று வளர்த்த பின் தசரதனின் துயரம் கேட்டுக் கண்ணீர் வடிக்கிறார்.

சேர மன்னரான குலசேகர ஆழ்வாரின் வரலாறு இதனை நன்கு உணர்த்தும். கரன் முதலான 14,000 அரக்கரை இராமபிரான் தனியே எதிர்த்த பகுதியைக் கேட்டதும், அவருக்குத் துணையாகத் தம் படையைப் புறப்படுமாறு அவர் ஆணையிட்டார் என்பர். முன்னொரு காலத்துக் கதை அவருக்குக் கண்முன் நிகழ்ந்தது. சந்நிதியில் நிற்பவருக்கு வேண்டியதும் அந்த ஈடுபாடே.

வேண்டுதலுக்குச் சொல்லே வராத நாள்களும் உண்டு. நோயுற்றவர் அருகில் விழித்திருப்பவரும், கடன் சுமையால் கலங்கியவரும் என்ன கேட்பது என்று அறியாமல் திகைப்பர். அந்நேரத்தில் மனத்துக்கு இனிய பகுதியை ஒரு பக்கமேனும் படித்தல் நலம். தம் துயரைத் தாமே சொல்ல இயலாதவருக்காக, அசோகவனத்துச் சீதையின் துயரம் பேசும்.

அரூர் அருகேயுள்ள தீர்த்தமலையின் தலவரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. சிவபூசைக்குக் கங்கை நீர் கொணரச் சென்ற அனுமன் வரத் தாமதமாயிற்று. இராமபிரான் அம்பு எய்து மலையில் தீர்த்தம் வரவழைத்துப் பூசையை முடித்தார். பின்னர் வந்த அனுமன் மனம் வருந்தி எறிந்த நீர், தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தமாயிற்று. இன்றும் அன்பர்கள் அதில் நீராடி மலைக்கு வருகின்றனர்.

பூசைக்குப் பிந்தி வந்த நீரும் வீணாகவில்லை. காலம் கடந்து தொடங்கும் வழிபாடும் அவ்வாறே.