கட்டைகளில் எழும்பும் பெரியாறு அணை

பிளாஸ்டிக் கட்டைகளில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்ட உட்கார்ந்தால், பாதியிலேயே கட்டை தீர்ந்துபோகும். இல்லையென்றால் குட்டிச்சுவராக நிற்கும். இப்படிச் செய்து பாருங்கள்.

1. முதலில் அளவைத் தாளில் போடுங்கள். பிரதான அணையின் நீளம் 1,200 அடி. ஆற்றுப் படுகையிலிருந்து உயரம் 155 அடி. நீளத்துக்குக் கட்டையின் மேலுள்ள குமிழ்க் கணக்கில் 96 குமிழ் (சுமார் 77 செ.மீ.) எடுத்தால், உயரத்துக்குப் பத்துக் கட்டையும் ஒரு தட்டைத் துண்டும் போதும். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., கட்டையின் உயரமோ 9.6 மி.மீ.; இரண்டையும் ஒன்றாக எண்ணினால் அணை தேவைக்கு மேல் உயர்ந்துவிடும்.

2. உச்சியில் ஒரே குமிழ் அகலம் விடுங்கள். அங்கே அசல் அகலமே 12 அடிதான். தண்ணீர் நிற்காத பக்கம் கீழே வர வர அகலட்டும். நேராக ஏற்றினால் அது மதில்சுவர், அணை இல்லை.

3. கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் வையுங்கள். தூக்கும்போது பிளக்காது.

4. இரண்டு மூன்று சாம்பல் நிறங்களைக் கலந்து போடுங்கள். 1895-ல் கருங்கல்லும் சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தும் கொண்டு முடித்த அணை இது; ஒரே நிறம் சிமெண்டுச் சுவராகக் காட்டும்.

5. மார்கழியிலேயே தொடங்குங்கள். ஜனவரி 15 இந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பிறந்தநாள்; பொங்கலுக்கு வரும் சொந்தபந்தங்களுக்குக் காட்டலாம்.

6. ஆடிக் காற்றுக்கு முன் கண்ணாடிப் பெட்டியால் மூடுங்கள். குமிழ்களுக்கு நடுவே புழுதி படிந்தால் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால்தான் எடுக்க முடியும்.