பார்வை குறைந்தவர் இருக்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

சர்க்கரையாலோ கண் அழுத்தத்தாலோ பார்வையில் பாதி போனவரை, "நீங்க உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று நாற்காலியில் இருத்திவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் மிச்சமிருக்கும் பார்வைக்கு வேலை கொடுத்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அதற்கு மாற வேண்டியது வீடு.

1. எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவரிடமே கேளுங்கள். கண் அழுத்த நோயில் (கிளாக்கோமா) பக்கப் பார்வை முதலில் குறையும். பேப்பர் படிப்பவரே காலடியில் உள்ள முக்காலியில் இடறுவார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவருக்கு நேர்மாறாக, தெருவில் நடக்க முடியும், எதிரே வருபவர் முகம் தெரியாது. "வேணும்னே நடிக்கிறார்" என்ற பேச்சு பிறப்பது இங்கேதான். நடுப்பார்வை போனவர் சற்று ஓரமாகப் பார்த்தால் கூடுதலாகத் தெரியும். அவர் உங்கள் காதைப் பார்த்துப் பேசினால், உங்களைத்தான் பார்க்கிறார்.

2. வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் தெரியாது. எவர்சில்வர் தட்டு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக் கண் கூசும். வாழை இலையைப் போல் சோற்றை எடுத்துக்காட்டுவது வேறில்லை. தினமும் இலை கிடைக்காவிட்டால் கரும்பச்சை, கருநீலத் தட்டு வாங்குங்கள். மோருக்குக் கருநிற டம்ளர், காபிக்கு வெள்ளைக் கோப்பை. பரிமாறும்போது "பொரியல் வலது ஓரம், ஊறுகாய் மேலே இடது பக்கம்" என்று வாயால் சொல்லுங்கள்.

3. கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி வையுங்கள். அடுப்புத் திருகின் 'ஆஃப்' நிலை, வாஷிங் மெஷினில் வழக்கமாக வைக்கும் இடம், ரிமோட்டின் பவர் பொத்தான் ஆகியவற்றில் ஒட்டினால் விரலே கண்டுகொள்ளும். அடுப்புச் சூட்டில் பசை இளகும், அவ்வப்போது மாற்றுங்கள்.

4. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு அட்டைக்கு இரண்டு. கண் அழுத்தச் சொட்டு மருந்தை, 'பார்வைதான் போயிடுச்சே' என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. போனதை அது மீட்காது. இருப்பதைக் காப்பாற்றத்தான் அது.

5. மாடிப்படியில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. முதல் படி, கடைசிப் படி விளிம்புகளில் பட்டையாக மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். கதவு முழுதும் திறந்திருக்கட்டும், அல்லது மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவுதான் நெற்றியில் இடிக்கும்.

6. சிலர், சுவரில் கோலம் போலக் கோடுகள், பூக்கள், குட்டி மனிதர்கள் தெரிவதாகச் சொல்வார்கள். பலர் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து சொல்லாமலே இருந்துவிடுவார்கள். கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானாகவே படம் வரைந்துகொள்கிறது. 1760-இல் ஜெனீவாவின் சார்லஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்தார்; இந்த நிலைக்கு இன்று போனேயின் பெயர்தான். இந்தக் காட்சிகளில் சத்தம் இருக்காது. அவை நிஜமில்லை என்பதும் பார்ப்பவருக்குப் புரியும். விளக்கைப் போடுவது, கண்ணை இட வலமாக அசைப்பது சிலருக்குக் கைகொடுக்கும். மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள், கண் டாக்டரிடம் சொல்லுங்கள். குரலும் கேட்டால், குழப்பமும் சேர்ந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

7. புது ரூபாய் நோட்டின் இடது, வலது ஓரங்களைத் தடவிப் பாருங்கள். 100-க்கு நான்கு சாய்கோடுகள், 200-க்கு நான்கு கோடுகளும் நடுவே இரண்டு வட்டங்களும், 500-க்கு ஐந்து கோடுகள். நோட்டு கசங்கிப் பழசானால் கோடு மழுங்கிவிடும். அப்போது ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' செயலியில் கேமராவைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும்.

8. பஸ் ஸ்டாப்பில் "இது 21ஜி-யா?" என்று அவர் கேட்க வேண்டாம். பதிலுக்குத் தலையாட்டுவார்கள், அது அவருக்குத் தெரியாது. "என்ன நம்பர் பஸ் வருது?" என்று கேட்டால் வாய்திறந்தே ஆக வேண்டும்.

9. கொஞ்சம் தெரிகிறவருக்கும் வெள்ளைக் கோல் உதவும். அந்தி மங்கலில் பள்ளத்தைச் சொல்லும். வண்டி ஓட்டுபவருக்கும் விஷயத்தைச் சொல்லும். தரையிலிருந்து நெஞ்செலும்பு வரை உயரம் இருப்பது வழக்கம். வெட்கப்படுபவருக்கு மடக்குக் கோல், பைக்குள் அடங்கும்.

10. அவரைக் கூட அழைத்துப் போகும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். "படி" என்று மட்டும் சொன்னால் போதாது. ஏறும் படியா, இறங்கும் படியா என்று சொல்லுங்கள். கோயிலில் வெயில் பிராகாரத்திலிருந்து இருண்ட மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண் பழகச் சில நிமிடம் நில்லுங்கள். கூட்டம் தள்ளினால் தூண் ஓரமாக ஒதுங்குங்கள்.

11. வெயிலில் விளிம்புத் தொப்பியும் தேன் நிறக் கண்ணாடியும் கூச்சத்தைக் குறைக்கும். கண்ணாடியைக் கடைக்கு வெளியே வந்து போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

12. வெளியூரில் தங்கும் அறைக்குப் பகலிலேயே போய்ச் சேருங்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைத் தடவியபடி அவரே இரண்டு முறை நடந்து பார்க்கட்டும். ஈரத் தரையும் குளியலறைப் படியும் எங்கே என்று அப்போதே காட்டிவிடுங்கள். தலையணைக்கு அருகே டார்ச்.