கலங்கலைத் தெளியவைக்கத் தெரிந்தவருக்கு வேலை பக்கத்திலேயே

புதுப்பட்டினத்தில் வேதியியல் பட்டமோ கெமிக்கல் டிப்ளமோவோ முடித்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறும் தம்பி, தங்கைகளே, முதலில் பக்கத்தில் பாருங்கள். கல்பாக்கம் அணுமின் நிலைய வளாகத்தில், நாளுக்கு 63 லட்சம் லிட்டர் நன்னீர் தரும் திறனோடு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. வடக்கே நெம்மேலியில் 2013-இல் 10 கோடி லிட்டர் ஆலை வந்தது. 2024-இல் 15 கோடி லிட்டரில் இன்னொன்று திறக்கப்பட்டது. சவ்வு வழியே உப்பை நீக்கும் ஆலை எதுவானாலும், முதலில் கலங்கல் போக வேண்டும்.

அதனால், கலங்கல் தெளிய எவ்வளவு மருந்து போட வேண்டும் என்று கண்டறியும் ஜார் டெஸ்டை இன்டர்வியூவுக்குப் போகுமுன் கையால் செய்து பழகுங்கள். நீரில் மிதக்கும் களிமண் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. ஒன்றையொன்று தள்ளுவதால் அவை படிவதில்லை. படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ அந்த மின்னேற்றத்தைத் தணித்துத் திரளவைக்கும். தேற்றாங்கொட்டையைப் பானையில் உரசிய நம் பாட்டிமாரின் வேலையும் துகள்களைத் திரளவைப்பதுதான்.

10 கிராம் படிகாரத்தைக் கரைத்து 1 லிட்டராக்கினால், அதில் 1 மி.லி.க்கு 10 மி.கி. ஆறு பீக்கர்களில் லிட்டர் லிட்டராகக் கலங்கல் நீர் ஊற்றி, 1, 2, 3 மி.லி. என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு நிமிடம் வேகமாக, இருபது நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மெதுவாகச் சுற்றும்போது கண்ணை எடுக்காதீர்கள். பஞ்சுத் துணுக்குபோல் திரள் எந்தப் பீக்கரில் முதலில் தெரிகிறது என்று குறியுங்கள். பிறகு மேல்நீரின் கலங்கலையும் பி.எச்.சையும் அளந்து பாருங்கள்.

நிறையப் போட்டால் நன்றாகத் தெளியும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அளவு மிஞ்சினால் துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்று மறுபடி பிரிந்து நிற்கும், பி.எச். இறங்கும், அலுமினியம் நீரில் தங்கும். ஐ.எஸ். 10500 தரப்படி குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.03 மி.கி.க்கு மேல் கூடாது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 0.2 வரை. கலங்கலுக்கு வரம்பு 1 என்.டி.யு., வேறு நீராதாரம் இல்லையென்றால் 5 வரை. மிஞ்சிய அலுமினியம் சவ்வில் படியும் என்பதால் கடல்நீர் ஆலைகளில் பெரும்பாலும் ஃபெரிக் குளோரைடுதான். அது தோலையும் இரும்பையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

கணக்கும் நாக்கு நுனியில் இருக்கட்டும்: லிட்டருக்கு 20 மி.கி. என்றால் 1 கோடி லிட்டருக்கு 200 கிலோ.

கல்லூரியில் ஜார் டெஸ்ட் கருவி இல்லையா? ஆறு பீக்கரும் கண்ணாடிக் குச்சியும் போதும். ஐப்பசி மழையில் ஏரி கலங்கும்போது ஒரு குடம் நீர் எடுத்துவந்து, பேராசிரியரிடம் அனுமதி கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.